ஒரு நிமிஷ ஐ.எஸ்.டி., ஒரு மணி நேர லோக்கல்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, அவள் போன பிறகு என் காதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்ட அன்பு மாமாவுக்கு,

உங்கள் வருஷ திதி முந்தாநாள் முடிந்தது. சாப்பாட்டில் குறை இல்லை. வந்தவர்கள் எல்லாரும் உங்களை நல்லபடியாகத்தான் பேசினார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பாயசம் ஊற்றினேன்.

செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு உங்களைப் போல ஒரு மாமா வாய்த்திருக்க மாட்டார். என் கோபத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு இனி இடமில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு, போனை எடுக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கிற அப்பன் எவனாவது கண்ணில் இது படட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் போன பிறகு வந்த புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரமெல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டது. முதுநகரில் எங்கள் தெருவிலும் கம்பங்கள் விழுந்து, லேண்ட்லைன் வாரக்கணக்கில் செத்துக் கிடந்தது. அதோடு அந்த இணைப்பை ஒப்படைத்துவிட்டேன். குடிகாட்டுக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் என்னோடு இருப்பவர்கள் யார் வீட்டிலும் இப்போது அந்த போன் இல்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா?

இளவரசி உங்களுக்கு ஒரே பெண். என் அக்கா போனபோது அவள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் ஆரோக்கியராஜைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் கடலூர்க்காரன், நல்லவன், சிங்கப்பூரில் வேலை. கிறிஸ்தவன் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கல்யாணத்துக்கும் வரவில்லை, விமானம் ஏற்றவும் வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அவ்வளவு வீம்பு.

அவள் போன கொஞ்ச நாளில் சிதம்பரம் மேல வீதி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த வீட்டுக்குப் போனீர்கள். பழைய போன் நம்பர் போயிற்று, புது நம்பர் வந்தது. அந்த நம்பரை இளாவிடம் கொடுக்கட்டுமா என்று உங்களைக் கேட்டேன்.

"அவளுக்கு இன்னாத்துக்கு? வேணும்னா அவளே கேட்டு வாங்கிக்கட்டும்" என்றீர்கள்.

அவளிடம் சொன்னால், "அப்பாவே குடுக்கட்டும் சித்தி. குடுத்தா மறு நிமிஷம் பேசுறேன்" என்றாள். உங்கள் மகள் வேறு யாரைப் போல இருப்பாள்? நடுவில் நான் மத்தளம்.

பிறகு நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள், என்னிடம்கூடச் சொல்லாமல். பரங்கிப்பேட்டை ஜக்கரியா பாய் சிங்கப்பூர் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு அட்டைப்பெட்டி நிறைய முந்திரியும் தாளிப்பு வடகமும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். விமானத்தில் போகும் நம் ஊர்ப் பெட்டிக்கு ஒரு முறை உண்டே. கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, பெட்டி தொலைந்துவிடாமல் இருக்க நாலு பக்கமும் பேரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். நீங்களும் உங்கள் பேரையும் புது நம்பரையும் பட்டையாக எழுதினீர்கள். நம்பர் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. உங்கள் புத்தி யாருக்கு வரும்!

அதோடு விட்டீர்களா? நம்பருக்கு முன்னால் 95-4144 என்று போட்டீர்கள்.

அந்தத் தொண்ணூற்றைந்தை மறந்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேச, 04144 என்று சுழியத்தில் தொடங்கினால் எஸ்.டி.டி. கட்டணம். சுழியத்துக்குப் பதில் 95 போட்டால் லோக்கல் கட்டணம். பக்கத்து ஊர்களுக்கு மட்டும் கொடுத்த சலுகை அது. எங்கள் மாமாவுக்கு அது ஏதோ அவருக்கென்றே வந்த வரம். பால்காரர், மளிகைக்கடை, வைத்தியர் என்று யாருக்கு நம்பர் கொடுத்தாலும் 95 போட்டுத்தான் கொடுப்பார். நாளடைவில் அது அவர் நம்பரிலேயே ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவள் முன்னால் 91 போட வேண்டும், அது இந்தியாவுக்கு உரிய எண் என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை.

இளாவுக்கு இந்த 95 தெரியாது. அவள் விடுதியிலிருந்து பூத்தில் சுழியம் போட்டுப் பேசிய பெண். பெட்டியைப் பார்த்ததும், ஊரில் எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தார்களே, அதுபோல இந்தியாவின் 91ஐயும் 95 ஆக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். என்னோடு பேசுவதென்றால் எப்போதும் நான்தான் இங்கிருந்து அவளைக் கூப்பிடுவேன், அவளாக 91 போட்டுப் பார்த்ததே இல்லை. சொன்னபடி மறு நிமிஷமே அடித்திருக்கிறாள். எவளோ ஒரு பெண் தெரியாத பாஷையில், பதிவு செய்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

திரும்பத் திரும்ப அடித்தாள். வேறு வேறு நாளில், வேறு வேறு கார்டு வாங்கி அடித்தாள். அதே குரல்.

இங்கே நீங்கள் போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் போனில் ஐ.எஸ்.டி.யை நீங்களே ரகசிய எண் போட்டுப் பூட்டி வைத்திருந்தீர்கள், யாராவது வந்து பேசிவிட்டால் பில் ஏறிவிடும் என்று. நீங்களாகப் பேசியிருக்கலாமே என்றால், "சார்ஜ் ஜாஸ்தி" என்பீர்கள். நீங்கள் நம்பர் அனுப்பியதை என்னிடம் சொல்லவில்லை, அவளும் தான் போன் அடித்ததை என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்னைப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

இப்படியே ஏறக்குறைய ஒரு வருஷம் போயிற்று, மாமா. ஒரு வருஷம்!

கடைசியில் இளாதான் பொறுக்க முடியாமல் என்னிடம் வெடித்தாள். "அப்பா எனக்கு நம்பர் எழுதி அனுப்பினாரு சித்தி. அடிச்சா யாரோ பாஷை தெரியாதவ பேசுறா. என்னை அவமானப்படுத்தணும்னே தப்பு நம்பர் குடுத்திருக்காரு, பாரேன்" என்று அழுதாள். என்ன நம்பர் என்று கேட்டேன். தொண்ணூற்றைந்து என்று தொடங்கினாள். ஆபீஸில் இருந்த டெலிபோன் டைரக்டரியின் முன்பக்கங்களைப் புரட்டினேன். 94 இலங்கை. 95 பர்மா.

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பயந்துபோய் ஆலப்பாக்கத்திலேயே வேறு சீட்டுக்கு மாறிவிட்டாள்.

"மாமா, உங்க பொண்ணு ஒரு வருஷமா பர்மாக்காரிகூட பேசிக்கினு இருக்கா" என்றேன் வாசலிலேயே நின்று.

விஷயத்தைக் கேட்டீர்கள். முகம் வெளுத்தது. ஆனால் வாய் ஒத்துக்கொள்ளுமா? "தொண்ணூத்தஞ்சு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே கலா? பர்மாக்காரன் எதுக்கு அதப் போய் வச்சிக்கினான்?"

பர்மா சர்க்காருக்கு மனு எழுதியா கேட்க முடியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இளா சரியான நம்பரில் கூப்பிட்டாள். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எத்தனை நாள் கழித்துப் பேசுகிற அப்பாவும் பெண்ணும்! நான் முந்தானையைத் தயாராக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ம். இளாவா? சாப்ட்டியா? ஒடம்பு நல்லாக்கீதா? சரி, சார்ஜ் ஏறும், வை."

வைத்தும் விட்டீர்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அது அவள் போட்ட போன் மாமா. உங்களுக்குக் காலணா செலவில்லை. "அவ காசுதானே கலா போவுது? தெண்டத்துக்குக் குடுக்கணுமா? புள்ளைங்க அங்க கஷ்டப்பட்டு சம்பாதிக்குது" என்றீர்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது பாசமாகவா கேட்டிருக்கும்? அப்பாவின் கோபம் இன்னும் ஆறவில்லை, கடனே என்று பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கூத்து. ஒரு நிமிஷம், "வை." குழந்தை பிறந்த செய்தி சொன்னபோதும், "நல்லது, வை." அவள் என்னவோ சொல்லலாம் என்று மூச்சை இழுப்பதற்குள் வைத்துவிடுவீர்கள்.

என் தலைவிதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அவளை வைத்த கையோடு எனக்கு அடிப்பீர்கள், லோக்கல் கட்டணத்தில். அவள் பேசிய அந்த ஒரு நிமிஷத்தை ஒரு மணி நேரம் எனக்குச் சொல்வீர்கள். "குரலு கம்மிக் கெடக்கு கலா, சளி புடிச்சிருக்கு. தலைக்கு எண்ணெ வெக்கறாளோ இல்லையோ. பின்னாடி புள்ள சிணுங்கினான், கேட்டேன். அவங்கம்மா மாதிரியே 'சரிப்பா'ன்னு இழுக்கறா, கவனிச்சியா நீ? அந்தப் பையன் 'மாமாவுக்கு வணக்கம் சொல்லு'ன்னு பின்னாலேர்ந்து சொன்னான். நல்ல பையன்தான் கலா. நான்தான்..." அங்கே நிறுத்திவிட்டு, மறுபடி சளியிலிருந்து தொடங்குவீர்கள்.

அடுப்பில் என் குழம்பு எத்தனை ஞாயிறு தீய்ந்தது தெரியுமா? "இதையெல்லாம் அவகிட்ட சொல்லுங்களேன் மாமா, என் உயிரை ஏன் வாங்கறீங்க?" என்று கத்தியிருக்கிறேன். "சொல்லலாம், சொல்லலாம். அவ வரும்போது நேர்ல சொல்லிக்கலாம். போன்ல இன்னா பேச முடியும்?" என்பீர்கள், என் காதோடு ஒரு மணி நேரமாகப் போனில் பேசிக்கொண்டே.

நான் இளாவிடம் சொல்லாமல் இல்லை. உங்கப்பா உன்னைப் பற்றித்தான் எந்நேரமும் பேசுகிறார் என்று சொன்னேன். "நீ சமாதானத்துக்கு சொல்றே சித்தி. பாசம் இருந்தா ரெண்டு வார்த்தை என்கிட்ட பேச மாட்டாரா?" என்பாள். அதற்கு மேல் நான் என்ன சத்தியம் பண்ணுவது?

பர்மா விஷயத்துக்குப் பிறகு நீங்கள் எடுத்த அவதாரம் இன்னும் பெரிய கொடுமை. உலக நாடுகளின் எண்களையெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தீர்கள். சிங்கப்பூர் 65, மலேசியா 60, மஸ்கட் 968, லண்டன் 44. தெருவில் யார் பிள்ளை வெளிநாடு போனாலும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம். ஊரில் அந்த 95ஐயே எடுத்த பிறகும் அதைப் பற்றிய பாடம் நிற்கவில்லை. கூப்பிடுகிறவர் நம்பர் தெரிகிற புது போன் ஒன்று வேறு வாங்கி மாட்டினீர்கள். தெரியாத நாட்டு நம்பரை எடுத்தால் காசு பிடுங்கிக்கொள்கிறார்களாம் என்று யாரோ சொன்னதிலிருந்து, ஞாயிறு காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 0065 தெரிந்தால்தான் கை நீளும்.

இப்போது அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கும் வழக்கம்போல எனக்குக் கூப்பிட்டீர்கள். நானும் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினேன். ஆனால் உங்கள் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"எவனோ ஒரு லண்டன்காரன் காலையிலேர்ந்து உயிர வாங்கறான் கலா. மாத்தி மாத்தி அடிக்கறான், நான் எடுக்கவே இல்ல. இளா கூப்புடற நேரத்துல லைன அடைச்சிக்கினு... இன்னிக்கி இன்னும் அவ பேசல. நீ வை. வை, வை, அவ கூப்புடுவா."

உங்கள் வாயிலிருந்து எனக்கு "வை" என்று வந்தது அன்றைக்குத்தான். அப்பாடா, குழம்பு தப்பித்தது என்று நானும் போய்விட்டேன். மறுநாள் காலையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டீர்கள்.

இளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஆனால் அழவில்லை மாமா. காரியம் முடிகிற வரை கல்லாக உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் என் காதுபடவே, "பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல பாரு" என்றார்கள். எனக்கும் அவள் மேல் எரிச்சல்தான். அப்படியே விமானம் ஏறிப் போய்விட்டாள்.

இந்த வருஷம் திதிக்குப் புருஷனோடும் பிள்ளையோடும் வந்தாள். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக்கூடாது. அப்பா என்மேல கோவமாவே பூட்டாரா?"

"ஏன்டி இப்படிக் கேக்கற?"

"கடைசி ஞாயித்துக்கெழம எவ்ளோ அடிச்சேன் தெரியுமா? ரிங் போவுது, எடுக்கவே இல்ல. பேச இஷ்டமில்ல போலன்னு நானும் அதோட வுட்டுட்டேன். வேணும்னேதானே எடுக்கல?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீ எங்கடி அடிச்ச? அன்னிக்கி நீ கூப்புடவே இல்லன்னு அந்த மனுஷன் வாசல் பக்கம்கூடப் போவாம உக்காந்திருந்தாரு!"

"அடிச்சேன் சித்தி! நெட்ல இருந்து அடிச்சேன். அப்பதான் புதுசா போட்டிருந்தோம், எவ்ளோ நேரம் பேசினாலும் காசே கெடையாது. இனிமே சார்ஜ் ஏறும், வைன்னு அப்பா சொல்ல முடியாது இல்ல? உக்கார வச்சி எல்லாத்தையும் பேசிடணும்னு இருந்தேன்."

அவள் தன் லேப்டாப்பைத் திறந்தாள். அதே இணைப்பு இன்னும் இருக்கிறது, பார் என்று சொல்லி என் செல்போனுக்கு அடித்தாள். என் கையிலேயே மணி அடித்தது. நம்பரைப் பார்த்தேன் மாமா. +44 என்று தொடங்கியது.

நெட்டில் பேசினால் அது எந்த ஊர் வழியாகவோ சுற்றிக்கொண்டு வருமாம், அந்த ஊர் நம்பரைத்தான் காட்டுமாம். ஆரோக்கியராஜ் விளக்கிச் சொன்னான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அந்த லண்டன்காரன் உங்கள் மகள்தான் மாமா. அவள் போனை எடுக்காமல், அவள் போனுக்காகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? நாலு நாட்டு எண்ணை மனப்பாடம் செய்த மனுஷன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போனால் போகிறது என்று எடுத்து 'அலோ' சொல்லியிருக்கக் கூடாதா? காசு பிடுங்கினால்தான் என்ன, எவ்வளவு பிடுங்கிவிடுவான்?

இளாவிடம் சொன்னேன். லண்டன்காரன் என்று நீங்கள் திட்டியது, லைனை அடைத்துக்கொண்டிருக்கிறான் என்று தவித்தது, அவ கூப்புடுவா என்று என்னையே வைக்கச் சொன்னது, எல்லாவற்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "லண்டன்காரனா? நானா?" என்று கேட்டுச் சிரித்தவள் அப்படியே உடைந்துபோனாள். ஒரு வருஷத்து அழுகை. என் புடவையெல்லாம் நனைந்துவிட்டது. அவள் பிள்ளை பயந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டான்.

அழுது ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மத்த ஞாயித்துக்கெழமல்லாம் உன்கிட்ட இன்னா சொல்லுவாரு சித்தி? ஒண்ணு வுடாம சொல்லு."

சொல்லத் தொடங்கியிருக்கிறேன் மாமா. சளியிலிருந்துதான் தொடங்கினேன். அவள் இருக்கப்போவது கொஞ்ச நாள்தான், நீங்கள் பேசிய பேச்சோ மலையாகக் கிடக்கிறது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையையும் என் காதில்தானே கொட்டிவிட்டுப் போனீர்கள்? மிச்சத்தை அவள் ஊருக்குப் போன பிறகு வாராவாரம் கேட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

உங்கள் மேல் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அது நானும் அங்கே வந்து, என் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்க்க வேண்டியது. ஆனால் ஒரு வாக்கு தருகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த நாட்டு நம்பர் வந்தாலும் எடுப்பேன். "நான்தான்..." என்று நீங்கள் பாதியில் நிறுத்திய இடத்தையும் அவளுக்கு முழுசாகச் சொல்வேன். அவளாக வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.

உங்களிடம் கோபித்துக்கொள்ள உரிமையுள்ள ஒரே மச்சினி,
கலா
முதுநகர், கடலூர்